ஒரே பெயரில் இரண்டு அழுத்தங்கள்: ஆய்வுக்கூடப் பாரமானியும் இடத்தின் உயரமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

பாரமானி என்பது தனக்கு மேலே உள்ள காற்றை நிறுக்கும் தராசு. தராசை உயரத்துக்குக் கொண்டுபோகப் போக, அதற்கு மேலே மிஞ்சும் காற்று குறைகிறது. அது காட்டும் அளவும் குறைகிறது. கடலோரச் சென்னையில் ஏறத்தாழ 1010 ஹெக்டோபாஸ்கல் காட்டும் கருவியை, சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் வைத்தால் 965 அளவில் நிற்கும். சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் 910 அளவிலும், 2343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 770 அளவிலும் நிற்கும். நான்கு இடங்களிலும் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அதே நாளில் கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்து பார்ப்பவருக்கு நான்கு ஊர்களுக்கும் 1010ஐ ஒட்டிய எண்களே தென்படும்.

அவையோரே, இச்சொற்பொழிவு நிறுவ முற்படுவது ஒரே ஒரு கருத்தை. காற்றழுத்தம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு அளவுகள் புழங்குகின்றன. ஒன்று, கருவி நிற்கும் இடத்தில் உண்மையாக இருக்கும் அழுத்தம். இதை நிலைய அழுத்தம் என்பர். மற்றொன்று, அந்த இடம் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் என்ன அழுத்தம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பெறுவது. ஆய்வுக்கூடத்தில் வாயுவும் திரவமும் முதலாவது அழுத்தத்தை மட்டுமே உணர்கின்றன. உயரத்தால் வரும் குறைவைக் கருவியின் குறை என்று கருதி அதைக் கடல் மட்டத்துக்குத் திருத்துவதுதான், மேட்டுநில ஆய்வுக்கூடங்களில் நேரக்கூடிய பெரும் பிழை. இக்கருத்து ஆறு கூறுகளாக இங்கே விரிக்கப்படுகிறது.

1. பாரமானி நிறுப்பது எதை

இத்தாலியில் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி 1640களின் நடுவில் வகுத்த சோதனை பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், குழாயில் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நிற்கிறது. அதைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் எடையே என்பது அவர் வாதம். வாதம் சரியென்றால், காற்று குறைவாக உள்ள உயரமான இடத்தில் பாதரசம் இறங்கியாக வேண்டும்.

அதைச் சோதித்துப் பார்க்கும் யோசனை பிரான்சின் பிளேய் பாஸ்கலுடையது; செய்து முடித்தவர் அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியே. 1648 செப்டம்பர் 19 அன்று கிளெர்மோன் நகரில் ஒரு மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களை நிறுத்தி, இரண்டிலும் பாதரசம் ஒரே உயரத்தில் நிற்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். அன்றைய பிரெஞ்சு அளவில் அது 26 அங்குலம் மூன்றரை வரி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 712 மில்லிமீட்டர். ஒரு குழாயை அங்கேயே விட்டு, நாள் முழுதும் அதைக் கவனிக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். மற்றொன்றோடு பூய் டி டோம் மலை உச்சிக்கு ஏறினார். உச்சியில் பாதரசம் 23 அங்குலம் இரண்டு வரிதான் நின்றது. அதாவது 627 மில்லிமீட்டர் அளவு. அங்கேயே சிறு தேவாலயத்தின் உள்ளே, திறந்த வெளியில், காற்றில், மூடுபனியில் என்று பலமுறை அளந்தும் எண் மாறவில்லை. கீழே இருந்த குழாயில் அன்று முழுதும் மாற்றமே இல்லை என்று துறவி சொன்னார்.

ஆய்வுக்கூடத்தினர் இந்தச் சோதனையில் கற்க வேண்டியது அந்தத் துறவியிடமிருந்துதான். மலையேறிய குழாய் 85 மில்லிமீட்டர் இறங்கியது என்பது மட்டும் தெரிந்திருந்தால், வானிலை மாறியதால் இறங்கியதோ என்ற ஐயம் தீர்ந்திருக்காது. கீழே நின்ற குழாய்தான் அந்த ஐயத்தைத் தீர்த்தது. உயரத்தால் வரும் மாற்றம், வானிலையால் வரும் மாற்றம் என்று பாரமானியில் இரண்டு மாற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காண்பதற்கான முறை அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். கதவும் சன்னலும் மூடிய அறைக்குள் காற்றின் எடை எப்படி வரும் என்று மாணவர் கேட்பதுண்டு. அறை எவ்வளவு மூடியிருந்தாலும் இடுக்குகள் வழியே அழுத்தம் சமமாகிவிடுகிறது. வெளிக்காற்றைவிட அழுத்தத்தைக் கூட்டி வைக்கும் தூய்மை அறைகளில்கூட மிகுதி 10 அல்லது 15 பாஸ்கல் அளவுதான். அது ஒரு மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சமம்.

2. எவ்வளவு குறைகிறது

ஒரு மீட்டர் ஏறும்போது குறையும் அழுத்தம், அந்த ஒரு மீட்டர் காற்றின் எடைதான்: காற்றின் அடர்த்தியையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது. கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில், உலர்ந்த காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம், ஆகவே மீட்டருக்கு 12 பாஸ்கல் குறைகிறது. வேறுவிதமாகச் சொன்னால் 8.3 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல். பாடநூல்கள் தரும் இந்த எண் ஐரோப்பியக் குளிருக்குப் பொருந்துவது. சென்னையின் வெப்பமும் ஈரமும் கலந்த காற்று இலேசானது; இங்கே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய ஏறத்தாழ 8.9 மீட்டர் ஏற வேண்டும். கொடைக்கானலில் காற்று இன்னும் மெலிந்திருப்பதால் 11 மீட்டர் ஏற வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அழுத்தம் உயரத்தோடு நேர்கோட்டில் குறைவதில்லை. மேலே போகப் போகக் குறையும் வேகமும் தணிகிறது. எட்மண்ட் ஹாலி 1686இல் இதை மடக்கைக் கணக்கால் விளக்கினார். பின்னர் லாப்லாஸ் வெப்பநிலை, ஈர்ப்பு ஆகியவற்றையும் சேர்த்து வாய்பாட்டை முழுமையாக்கினார். இன்று வழக்கிலுள்ள தர வளிமண்டலக் கணக்குப்படி, கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கலாகத் தொடங்கும் அழுத்தம் 1000 மீட்டரில் 898.7 ஆகவும், 2000 மீட்டரில் 795 ஆகவும், 3000 மீட்டரில் 701 ஆகவும் இறங்குகிறது. முதல் ஆயிரம் மீட்டரில் 114 குறைகிறது. மூன்றாம் ஆயிரத்தில் 94 மட்டுமே.

இந்த எண்களின் பெருமை சிறுமை, வானிலையால் வரும் மாற்றங்களோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும். வெப்பமண்டலத்தில் பாரமானி நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணியை ஒட்டியும் இரவு பத்து மணியை ஒட்டியும் உச்சம். அதிகாலை நான்கையும் மாலை நான்கையும் ஒட்டித் தாழ்வு. கடிகாரம் போல் வரும் இந்த அலையின் வீச்சு மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல். சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் 54 மீட்டர் உயரம். அதன் அடியிலிருந்து உச்சிக்குப் போனாலே ஆறு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு நாள் முழுவதும் வானிலை செய்யும் மாற்றத்தைவிட ஒரு மின்தூக்கிப் பயணம் செய்யும் மாற்றம் பெரிது.

இன்னும் அழுத்தமான ஒப்பீடு ஒன்றும் உண்டு. 1999 அக்டோபர் இறுதியில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் கடல் மட்ட அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதாக இந்திய வானிலைத் துறை மதிப்பிட்டது. வங்கக் கடல் கண்ட மிகக் கொடிய புயல்களில் ஒன்றின் மைய அழுத்தமும், வானம் தெளிந்த ஒரு சாதாரண நாளில் பெங்களூரு ஆய்வுக்கூடத்துப் பாரமானி காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே.

3. வானிலையாளர் ஏன் கடல் மட்டத்துக்கு மாற்றுகிறார்கள்

புயலையும் பெங்களூருவையும் வைத்துச் செய்த ஒப்பீடே இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. ஊர் ஊராக அளந்த நிலைய அழுத்தங்களை அப்படியே வரைபடத்தில் குறித்தால், அது மேடுபள்ளங்களைக் காட்டும் படமாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் நீங்காத புயல்கள் நிற்பது போலத் தோன்றும். காற்றோட்டத்தை இயக்கும் சில ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு, உயரத்தால் வரும் நூற்றுக்கணக்கான ஹெக்டோபாஸ்கல் வேறுபாட்டில் மூழ்கிப்போகும். ஆகவே ஒவ்வொரு நிலையத்தின் கீழும் கடல் மட்டம் வரை ஒரு காற்றுத் தூண் இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் எடையைக் கூட்டி, எல்லா ஊர்களையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வானிலைக் கணிப்புக்கு இது இன்றியமையாத ஏற்பாடு. விமானப் போக்குவரத்திலும் இரண்டும் தனித்தனிப் பெயரோடு வழங்குகின்றன: ஓடுபாதை மட்டத்து அழுத்தத்தை கியூ.எஃப்.இ. என்றும், விமானத்தின் உயரமானி தரையில் நிற்கும்போது கடல் மட்டத்துக்கு மேலான உயரத்தையே காட்டும்படி கணக்கிட்ட அழுத்தத்தை கியூ.என்.எச். என்றும் விமானிகள் அழைக்கின்றனர். ஆய்வுக்கூடங்களிலும் அப்படி இரண்டு பெயர்கள் வழங்கியிருந்தால் பல குழப்பங்கள் வந்தே இராது.

கற்பனைத் தூண் என்ற சொல் கவனத்துக்குரியது. கொடைக்கானலுக்குக் கீழே இருப்பது 2343 மீட்டர் பாறை. அங்கே காற்று இல்லை. இல்லாத அந்தக் காற்றுக்கு ஒரு வெப்பநிலையை அனுமானித்துத்தான் எடை போட முடியும். அனுமானித்த சராசரி வெப்பநிலையில் 5 டிகிரி பிசகினால், கணக்கிட்ட கடல் மட்ட அழுத்தம் ஏறத்தாழ 4.5 ஹெக்டோபாஸ்கல் பிசகும்; பெங்களூருவுக்கு அதே பிசகு 1.7 அளவில் நிற்கும். இடம் உயர உயரத் திருத்தத்தின் நம்பகம் குறைகிறது. இதனால்தான் மிக உயர்ந்த நிலையங்கள் கடல் மட்ட அழுத்தத்தைத் தருவதை விட்டு, குறிப்பிட்ட ஓர் அழுத்தம் எந்த உயரத்தில் நிலவுகிறது என்பதை அறிவிப்பதும் உலக வானிலை நடைமுறையில் இருக்கிறது. வானிலையாளரே நம்பத் தயங்கும் எண்ணை மலையூர் ஆய்வுக்கூடம் தன் பதிவேட்டில் எழுதுவது முறையாகாது.

4. வாயு உணரும் அழுத்தம்

இச்சொற்பொழிவின் மையம் இங்கே இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றையே முதலில் காண வேண்டும்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், எந்திரம் வெளியிடும் கதிரின் அளவை அயனிக் கலம் என்ற சிறு கருவியால் அளக்கிறார்கள். பெரும்பாலும் பயன்படும் வகையில் உள்ளிடம் 0.6 கன சென்டிமீட்டர்; வெளிக்காற்றோடு திறந்த தொடர்பு உடையது. கதிர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று அயனியாகிறது. அந்த மின்னூட்டத்தை அளந்து கதிரளவைக் கணக்கிடுகிறார்கள். கலத்தின் கொள்ளளவு மாறாது. உள்ளே இருக்கும் காற்றின் நிறைதான் வெப்பநிலையாலும் அழுத்தத்தாலும் மாறும். மேட்டு ஊரில் கலத்துக்குள் காற்று குறைவு; அதே கதிருக்குக் குறைந்த மின்னூட்டமே கிடைக்கும். இதை ஈடுசெய்ய, கலத்தின் அளவீட்டை 1013.25க்கும் அன்றைய அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குவர். வெப்பநிலைக்கும் இதுபோல் ஒரு காரணி உண்டு. சர்வதேச அணுசக்தி முகமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீட்டு நெறிமுறையும் இதே அழுத்தத்தையும் 20 டிகிரியையும்தான் ஒப்பீட்டு நிலையாகக் கொள்கிறது.

பெங்களூருவின் 910 ஹெக்டோபாஸ்கலுக்கு அழுத்தக் காரணி 1.113. அளப்பவர் சுவரில் தொங்கும் பாரமானியைப் பார்க்காமல், வானிலைச் செயலி தரும் 1010ஐ எடுத்துக்கொண்டால் காரணி 1.003 என்று வரும். எந்திரம் உண்மையில் தருவதைவிடப் பத்து விழுக்காடு குறைவாகத் தருவதாகக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கை நம்பி எந்திரத்தை ஓட்டினால், நோயாளிக்குப் போவது மருத்துவர் குறித்ததைவிடப் பதினொரு விழுக்காடு மிகுதி. கதிர்வீச்சுச் சிகிச்சையில் எல்லாப் பிழைகளும் சேர்ந்து ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுநாளாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒரே ஒரு தவறான எண் அந்த வரம்பை இருமடங்கு தாண்டிவிடுகிறது. கோயம்புத்தூரின் உயரத்தில் இதே தவறு நாலரை விழுக்காட்டுக்கு மேல் வரும். வரம்பு முழுவதையும் ஏறத்தாழ அது ஒன்றே தின்றுவிடும். மிகுதியாகப் போன கதிரை உடலிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை. இதனால்தான் இத்துறையில் பயிற்சி தருவோர் வானிலை அறிக்கையின் அழுத்தத்தை எடுக்காதீர்கள் என்று மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறார்கள்.

வேதியியல் கூடத்தில் இதே தவறு வேறு வடிவில் வருகிறது. 27 டிகிரியில் நீரின் மேல் சேகரித்த ஹைட்ரஜனின் மோல் எண்ணிக்கையைக் கணக்கிட, காற்றழுத்தத்திலிருந்து நீராவியின் அழுத்தமான 36 ஹெக்டோபாஸ்கலைக் கழிக்க வேண்டும். பெங்களூருவில் 910க்குப் பதில் 1010ஐ வைத்தால் விடை 11 விழுக்காடு பெருகிவிடும். மாணவர் மக்னீசியத்தை எடை போட்டதில் தவறு தேடுவார். தவறு அங்கே இராது.

நீர் ஆய்வில் கரைந்த ஆக்சிஜன் மானியை, காற்றோடு சமநிலை அடைந்த நீரில் வைத்து அளவு திருத்துவது வழக்கம். 25 டிகிரியில், கடல் மட்டத்தில், அந்த நீரில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். கொடைக்கானலின் 770 ஹெக்டோபாஸ்கலில் 6.2 மட்டுமே இருக்கும். மலையூர் ஏரி நீரில் 6.2 கண்டு மாசு என்று முடிவு கட்டுவதும், கடல் மட்ட அழுத்தத்தை ஊட்டிய மானி காட்டும் எட்டைக் கண்டு மனநிறைவு கொள்வதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

கொதிநிலையை அனைவரும் அறிவர். பெங்களூருவில் நீர் 97 டிகிரியிலும் கொடைக்கானலில் 92.5 டிகிரியிலும் கொதிக்கிறது. திறந்த பானையில் பருப்பு வேக நேரமாவதை மலையூர் வீடுகள் அளவு திருத்தாமலே அறிந்திருக்கின்றன. வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து 100 என்று குறிக்கும் கூடங்கள்தான் இதை மறக்கக் கூடாது. இதையே தலைகீழாகப் பயன்படுத்தி, கொதிநிலையிலிருந்து உயரத்தைக் கண்டவர்களும் உண்டு. 1860களில் வேடம் பூண்டு திபெத்துக்குள் போன நைன் சிங் ராவத், தேநீர் காய்ச்சும் பாவனையில் கொதிநீரில் வெப்பமானி வைத்து லாசாவின் உயரத்தைக் கணித்தார் என்பது இந்திய நில அளவை வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம்.

5. வெளிக்காற்றைத் தொடக்கமாகக் கொள்ளும் கருவிகள்

சில கருவிகள் முழு அழுத்தத்தைக் காட்டுவதில்லை. வெளிக்காற்றைச் சுழியமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு, அதற்குக் கீழ் எவ்வளவு என்று மட்டுமே காட்டுகின்றன. நீராவியால் நுண்ணுயிர்களை அழிக்கும் ஆட்டோகிளேவின் மீதுள்ள கேஜ் அப்படிப்பட்டது. 15 பவுண்டு என்று முள் காட்டும்போது உள்ளே 121 டிகிரி என்பது கடலோரத்துக்கு மட்டும் பொருந்தும். கேஜின் 15 பவுண்டு ஏறத்தாழ 103 கிலோபாஸ்கல். அதோடு வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கல் சேர்ந்தால்தான் 121 டிகிரி நீராவி கிடைக்கும். கொடைக்கானலில் வெளிக்காற்று 77 கிலோபாஸ்கலே என்பதால் முள் அதே 15ஐக் காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான். நான்கு டிகிரி சிறிதாகத் தோன்றலாம். நுண்ணுயிர்களின் வித்துகள் அழியும் வேகம் பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு மாறுகிறது என்ற வழக்கமான கணக்குப்படி, நான்கு டிகிரி குறைந்தால் நேரம் இரண்டரை மடங்கு வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு நாற்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். அல்லது கேஜில் ஏறத்தாழ பதினெட்டரைப் பவுண்டு வரை ஏற்ற வேண்டும். கலம் அவ்வளவு தாங்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரடியாக வெப்பநிலை காட்டும் ஆட்டோகிளேவில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கேஜை மட்டும் நம்பும் மலையூர்க் கூடங்கள் வெப்பநிலை உணரி ஒன்றை உள்ளே வைத்துச் சோதிப்பது கட்டாயம் என்றே சொல்ல வேண்டும்.

வெற்றிடப் பம்பு இதன் மறுபக்கம். கடலோரத்தில் நல்ல பம்பு கேஜில் 760 மில்லிமீட்டரை நெருங்கும். கொடைக்கானலில் எத்தனை சிறந்த பம்பும் 578ஐத் தாண்டாது. உறிஞ்சி எடுக்க அங்கே அவ்வளவு காற்றுதான் இருக்கிறது. முள் 570இல் நின்றுவிட்டது என்று பம்பைப் பழுது பார்க்க அனுப்புவதற்கு முன் பாரமானியைப் பார்த்தால் போதும்.

6. பாதரசத்தின் சொந்தத் திருத்தங்களும் அளவின் அடித்தளமும்

உயரத் திருத்தம் வேண்டாம் என்றதும், எல்லாத் திருத்தங்களையும் கைவிடுவது அடுத்த தவறு. கல்லூரிகளில் இன்றும் தொங்கும் ஃபோர்டின் பாரமானி காட்டுவது பாதரசத் தூணின் நீளம். நீளத்தை அழுத்தமாக மாற்ற இரண்டு திருத்தங்கள் தேவை. இரண்டும் பாதரசத்தைப் பற்றியவை, ஊரின் உயரத்தைப் பற்றிய கற்பனை எதுவும் அவற்றில் இல்லை. பாதரசமும் பித்தளை அளவுகோலும் வெப்பத்தில் விரிகின்றன. 30 டிகிரியில் 760 மில்லிமீட்டர் அளவுக்கு 3.7 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். அடுத்தது ஈர்ப்பு. தர ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்று 1901இல் முடிவானது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சென்னையில் அது ஏறத்தாழ 9.783 மட்டுமே. பாதரசத்தின் எடை இங்கே சற்றுக் குறைவு என்பதால் மேலும் 1.8 மில்லிமீட்டர் கழிகிறது. ஆக, சென்னையில் 30 டிகிரியில் வெர்னியர் சரியாக 760.0 காட்டினால், உண்மை அழுத்தம் 754.5 மில்லிமீட்டர், அதாவது 1005.9 ஹெக்டோபாஸ்கல். திருத்தாமல் எழுதினால் வரும் ஏழு ஹெக்டோபாஸ்கல் பிழை, ஆய்வுக்கூடத்தையே 65 மீட்டர் கீழே இறக்கிவைத்ததற்குச் சமம். மலையில் ஈர்ப்பு இன்னும் சிறிது குறையும். இடத்தின் உயரம் பாதரசப் பாரமானியின் திருத்தத்துக்குள் நேர்மையாக நுழையும் ஒரே வழி அதுதான். பாதரசம் இல்லாத அனிராய்டு பாரமானிக்கும் மின்னணு உணரிகளுக்கும் இத்திருத்தங்கள் பொருந்தா. அவற்றை வேறு பாரமானியோடு ஒப்பிட்டு அவ்வப்போது அளவு திருத்த வேண்டும்.

ஒப்பிடும்போது இரு கருவிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இன்றைய நல்ல மின்னணுப் பாரமானி 0.01 ஹெக்டோபாஸ்கல் வரை காட்டுகிறது. அது எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் உயரம். ஒன்று மேசை மீதும் மற்றது அலமாரி உச்சியிலும் இருந்தால் அந்த வேறுபாடே கருவிப் பிழையாகத் தோன்றும். மாடி ஒன்றுக்கு 0.4 ஹெக்டோபாஸ்கல் என்பதால், தரைத்தளத்துப் பாரமானியைப் பார்த்து ஐந்தாம் மாடியில் அளப்பவர் இரண்டு ஹெக்டோபாஸ்கல் கழித்துக்கொள்ள வேண்டும்.

கூடத்தின் உயரத்தை அறிவதில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனியான கவனம் தேவை. செயற்கைக்கோள் வழி அளவு முதலில் தருவது, பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்ட உயரம். உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வால் அந்த நீள்கோளத்திலிருந்து விலகி நிற்கிறது. உலகிலேயே மிக ஆழமான விலகல், ஏறத்தாழ 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. தமிழகக் கரையிலும் விலகல் எண்பது, தொண்ணூறு மீட்டர் அளவில் உண்டு. திருத்தம் சேர்க்காத கருவி சென்னைக் கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கு அடியில் அத்தனை மீட்டர் ஆழத்தில் காட்டும். அந்த எண்ணை உயரமாகக் கொண்டால் பத்து ஹெக்டோபாஸ்கல் போய்விடும். ஆகவே கூடத்தின் உயரத்தை நில அளவைத் துறையின் மட்டக் குறியிலிருந்தோ, சராசரிக் கடல் மட்டத்துக்கு மாற்றிய அளவிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.

அந்த உயரம் கைவசம் இருந்தால், சுவரில் தொங்கும் பாரமானியைச் சோதிப்பது அரைமணி நேர வேலை. அருகிலுள்ள வானிலை நிலையத்திடம் அந்த நேரத்தின் நிலைய அழுத்தத்தைக் கேட்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மாற்றியதை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர்களுடைய பாரமானி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அவர்களுடையது 910.0 ஹெக்டோபாஸ்கல் காட்டி, கூடம் அதைவிட 40 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே நிலவும் அடர்த்தியில் பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் நான்கைக் கழித்து 906 என்று கொள்ளலாம். கூடத்துப் பாரமானி அதை ஒட்டி நின்றால் நன்று. 1010 அளவில் நின்றால், கடைக்காரரோ முன்பு இருந்தவரோ அதன் திருகைத் திருப்பிக் கடல் மட்டத்துக்குப் பொருத்திவைத்திருக்கிறார் என்று பொருள். மின்னணுக் கருவியாக இருந்தால் அமைப்புகளில் உயரம் என்ற இடத்தில் ஓர் எண் ஊட்டப்பட்டிருக்கும். அதைச் சுழியமாக்கிய பின் காட்டும் அளவையே பதிவேட்டில், தேதி, நேரம், வெப்பநிலை ஆகியவற்றோடு, நிலைய அழுத்தம் என்ற பெயரிட்டு எழுத வேண்டும்.